ஐந்தடி ஏழு அங்குல மாப்பிள்ளை

2006 குளிர்காலத்தில் எங்கள் சிமென்ட் கம்பெனி ஆறு பேரை, துபாய்க்கு வடக்கே இருக்கும் ராஸ் அல் கைமாவில் ஒரு பழைய கல்லறை தோண்டும் வேலைக்கு அனுப்பியது. நாலாயிரம் வருஷத்து எலும்பு என்றார்கள். முதல் நாள் பயந்தேன், இரண்டாம் நாள் பழகிவிட்டது.

மூன்றாம் நாள் அங்கிருந்த வெளிநாட்டு மேடம் ஒரு முன்கை எலும்பை அளந்தார். நோட்டில் ஏதோ கணக்குப் போட்டு, இந்த ஆள் ஐந்தடி ஆறு என்றார். ரூம்மேட் ஜெயசீலன் அதைத் தமிழில் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு எலும்பை வைத்து முழு ஆளின் உயரம்!

எனக்கு அது அவசரத் தேவை. ஊரில் எனக்குப் பேசியிருந்த நாகவள்ளி போன வெள்ளிக்கிழமை போனில் கேட்டிருந்தாள். "நான் அஞ்சடி நாலு. போட்டோவுல உக்காந்துருக்கீங்க. நீங்க எவ்ளோ ஒசரம்?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். உயரத்தாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இவளையும் விட எனக்கு மனசில்லை.

அன்று மாலை கேம்பில் ஜெயசீலன் டேப்பை எடுத்து என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தான். மேடத்தின் நோட்டில் அவன் பார்த்துவைத்த கணக்கில் போட்டால் ஐந்தடி ஏழு! கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். எனக்கும் அள என்று ரூமே கையை நீட்டியது. உயரம் போதாமல் அடுப்பை எட்டிப் பார்த்துச் சமைக்கும் நஸீர் பாய்க்கே ஆறடி இரண்டு வந்தது. அவர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ போட்டார்.

உடனே ஊருக்கு போன் போட்டேன். "அஞ்சடி ஏழு. விஞ்ஞானப்படி."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மேடத்திடம் பெருமையடித்தேன். அவர் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தோலு சதையோட அளந்தா கூடத்தான்டா வரும்," என்று ஜெயசீலன் மொழிபெயர்த்தான். "அதுவும் இந்தக் கணக்கு எந்திரிச்சு நிக்க முடியாதவங்களுக்காம். உன்னய எந்திரிச்சு நிக்கச் சொல்றாங்க."

நின்றேன். மேடம் டேப் பிடித்தார். ஐந்தடி இரண்டு.

டூட்டி முடிந்ததும் போன் போட்டேன். "நாகவள்ளி, நேத்துச் சொன்னது தப்பு. அஞ்சடி ரெண்டுதான். வேண்டாம்னா சொல்லிரு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"போட்டோவுல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருக்கீங்க. ரெண்டு குதிகாலும் தரையத் தொடல. எங்க வீட்டுலயும் அதே சேர்தான். எங்க சித்தப்பா உக்காந்தா அப்படியேதான் இருக்கும். அவரு அஞ்சடி ரெண்டு. போட்டோ வந்த அன்னைக்கே தெரியும். உண்மையச் சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

குனிந்து என் குதிகாலைப் பார்த்தேன்.

"சரி, லீவு எப்பக் கெடைக்கும்?" என்றாள்.