எடைமேடைக் கோடு

ஆயுத பூஜை என்றால் எதைத் துடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு வேண்டாமா? அரியலூர்ப் பக்கம் நான் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில், 2006-இல், நெட்வொர்க் ஸ்விட்சையும் விட்டுவைக்கவில்லை. ஆலையின் எல்லாக் கம்ப்யூட்டர் கேபிள்களும் வந்து சேரும் இரும்புப் பெட்டி அது. கரண்டை நிறுத்தி, உள்ளே இருந்த கார்டுகளை உருவி, துடைத்து, கைக்கு வந்த இடத்தில் திருப்பிச் செருகி, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். நான் அப்போது குரும்பலூரில் சிக்குன்குனியா வந்து முடங்கிக் கிடந்தேன்.

நடக்க முடிந்ததும் ஒரு சனிக்கிழமை வேலைக்குத் திரும்பினேன். கேட்டிலேயே சேதி சொன்னார்கள். எடைமேடை செபஸ்டின் சிமெண்ட் திருடிவிட்டானாம், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

லாரிகளை எடை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிகிறவன் செபஸ்டின். வரதராஜன்பேட்டைக்காரன். அவனுக்கும் ஏலாக்குறிச்சி சுபாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. மறுநாள் மூன்றாவது ஓலை. அதையும் வாசித்துவிட்டால் அப்புறம் தாலி கட்டுவதுதான் பாக்கி. ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தவன் அவன்.

என் மேனேஜர் நல்லதம்பி ஒரு பிரிண்ட்அவுட்டை நீட்டினார். எந்தெந்த லைன் உயிரோடு இருக்கிறது என்று எங்கள் சாஃப்ட்வேர் கோடு போட்டுக் காட்டும். எடைமேடை என்ற தலைப்பின் கீழே இரண்டு ராத்திரி கோடு தரையில் படுத்திருந்தது.

"பாரும்மா, அவன் ஷிப்டுதான். கேபிளைப் புடுங்கிட்டு, பதியாமயே லாரியை வெளிய விட்டிருக்கான். குடோன்லயும் மூட்டை குறையுது."

பூஜைக்கு அப்புறம் வந்த மற்ற நாட்களைக் கம்ப்யூட்டரில் நானே திறந்து பார்த்தேன். அவன் பகல் ஷிப்ட் பார்த்த வாரத்திலும் ராத்திரியில் கோடு படுத்தே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பொழுதன்றைக்கும் எழுந்திருக்கவே இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமை எடைமேடையில் லாரிகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேண்டிய இரண்டு ராத்திரியை மட்டும் பிரிண்ட் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நாளைப் பார்க்கத் தெரியவில்லை.

ஸ்விட்ச் கேபிள் செருகும் தன் ஒவ்வொரு துளைக்கும் உள்ளுக்குள் ஒரு எண் கொடுத்துக்கொள்ளும். சாஃப்ட்வேர் அந்த எண்ணை நம்பித்தான் கோடு போடுகிறது. கார்டுகள் இடம் மாறியதும் எண்களும் மாறிவிட்டன. எடைமேடையின் பழைய எண் இப்போது டைம் ஆபீஸ் சுந்தராம்பாள் அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது, தலைப்பு மட்டும் மாறவில்லை. அக்கா சாயங்காலமானால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர். ஞாயிறு அவருக்கு லீவு.

நல்லதம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போன் போட்டேன். "அக்கா, உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைங்க."

சற்று நேரத்தில் எடைமேடைக் கோடு பொத்தென்று விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் பாட்டுக்கு எடை ஏறிக்கொண்டிருந்தன.

நல்லதம்பி கண்ணாடியைக் கழற்றினார். "புரியுதும்மா. ஆனா, எல்லார் முன்னாடியும் ஜி.எம். கால்ல விழுந்துட்டானே. செய்யாதவன் எதுக்கு விழுவான்?"

"போலீஸைக் கூப்புடுவோம்னு மெரட்டுனா யாருதான் சார் விழ மாட்டாங்க? ஏலாக்குறிச்சிக்கு ஒரு போன் போட்டு, தப்பு நம்மோடதுன்னு சொல்லுங்க. நாளைக்கு ஓலை."

"ஜி.எம். மூஞ்சில கரியப் பூசச் சொல்றியா? தலைப்பை மட்டும் சரி பண்ணு. வெளிய பேசாத."

சரி பண்ணினேன். இனி மாறுகிற எண்ணை விட்டுவிட்டுத் துளையின் பெயரைப் பிடித்துக்கொள்ளும்படி சாஃப்ட்வேரை மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை. ஒரு மனுஷனின் மானம் இவ்வளவு சுலபமான வேலையில் மாட்டியிருந்தது.

மறுநாள் வீங்கிய முழங்காலோடு பஸ் ஏறி வரதராஜன்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் ஞாயிறு பூசை முடிந்துவிட்டது. ஓலை வாசிக்கவில்லை. ஏலாக்குறிச்சி ஆள் ஒருவர் எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். செபஸ்டின் விழுந்ததைப் பார்த்தவர் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டார். முந்தின நாள் சாயங்காலமே சுபாவின் அப்பா வந்து பங்குச் சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

செபஸ்டினின் அம்மா கொல்லைப்பக்கம் கை காட்டினார். "அங்கயேதான் கெடக்கான். சோறும் எடுக்கல. நீங்களாவது சொல்லுங்கம்மா, எனக்கு பயமா இருக்கு."

முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கார்டு மாறியது, எண் மாறியது, நேற்று கோடு விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டான்.

"போலீஸ் வந்தா கல்யாணம் நின்னுடும், விழுந்துட்டா இங்கயே முடிஞ்சிடும்னாங்க மேடம். அதான் விழுந்தேன்."

"கெளம்புங்க செபஸ்டின். இப்பவே சுபா வூட்டுக்குப் போவோம். நீங்க எடுக்கலன்னு நான் சொல்றேன், என்னை வேலைய விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"சுபா அப்பா நேத்து இங்க வந்தாரு மேடம். எடுத்தியான்னு அவர் கேக்கவே இல்ல. கால்ல விழுந்தியான்னுதான் கேட்டாரு."