கோடு எந்தப் பக்கம்

கம்பியூட்டர் வரைபடத்தைத் திறந்து முடிக்கட்டும் என்று றேணுகா காத்திருந்தாள். பழைய யந்திரம், நமக்கு அவசரம் என்று தெரிந்தால் இன்னும் மெதுவாகும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படியின் மேல்தட்டில் பாயிஸா நின்றாள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அவளுடைய கதிரை மெத்தை. நாள் முழுக்கப் பலகைக் கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று அவளே தைத்துக் கட்டியிருந்தது. சாமான்களை எடுத்துக்கொண்டு போகும்படி காலையில்தான் முதலாளி தனபாலன் சொல்லியிருந்தார்.

திகன சந்திக்குப் பக்கத்தில், ஹாட்வெயார் கடைக்கு மேலே இருந்தது தனபாலனின் வேலைத்தளம். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கான சேர்கிட் போர்டுகள் அங்கே தயாராயின. றேணுகா கம்பியூட்டரில் வரைவாள். அதை அச்சடித்து மேசையில் ஒட்டுவார்கள். பாயிஸா அந்தப் படத்தைப் பார்த்து உறுப்புகளை வைத்து, ஈயத்தை உருக்கிச் சோல்டர் பண்ணுவாள். எந்த உறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று போர்டிலேயே வெள்ளை அடையாளம் போட்டிருக்கலாம்தான்; அது வீண் செலவு என்று தனபாலன் நிறுத்திவிட்டார். அதனால் பாயிஸாவுக்குப் படத்தை விட்டால் வேறு வழியில்லை.

பன்விலப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போன புது போர்டுகள் எல்லாம் வேலை செய்யாமல் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே டயோட் தலைமாறி இருந்தது. டயோட், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்ன உறுப்பு. எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு முனையில் கோடு இருக்கும். சோல்டர் பண்ணியவளின் கவனக்குறைவு என்று தனபாலன் தொழிற்சாலைக்குப் போனில் சொல்லி முடித்துவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து றேணுகாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். "தாத்தா, உள்ள வாங்க." திகன முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். பன்விலத் தோட்டத்திலிருந்து வந்த றேணுகாவும் அதையே பழகிக்கொண்டாள்.

"என்னத்துக்கு? போகச் சொன்ன தானே."

"மேசையில ஒட்டியிருந்த படத்தைக் கழட்டிக் கொண்டு வாங்க. ரெண்டு பேருமா பார்ப்போம்."

படத்திலும் திரையிலும் கோடு இடப்பக்கம் இருந்தது. போர்டுகளிலும் பாயிஸா இடப்பக்கமே வைத்திருந்தாள். ஆனால் றேணுகா டயோட்டின் மேல் அழுத்தி அதன் விபரத்தைத் திறந்தபோது, கோட்டு முனை வலப்பக்கம் என்றிருந்தது. தன் கைப்பிழையோ என்று சந்தேகப்பட்டாள். டயோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தாள். மூடித் திறந்தாள். அரைவட்டமாகத் திருப்பினாள். விபரம் மாறியது, கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

"பழைய போர்டுல இந்தக் கரச்சல் வரல்லயே," என்றாள் பாயிஸா.

"அதுல எல்லா டயோட்டும் ஒரே பக்கம் பார்த்து இருந்துச்சு. இதுல இடம் பத்தாம நான் ஒன்னைத் திருப்பி வச்சேன்."

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. திரை அமைப்புகளுக்குள் போனாள். 'எளிய படம்' என்ற கட்டத்தில் சரி அடையாளம் விழுந்திருந்தது. எடுத்தாள். திரை சற்று நேரம் உறைந்து நின்று, மறுபடி வந்தது. கோடு வலப்பக்கம் போயிருந்தது. எளிய படம், திருப்பி வைத்த டயோட்டையும் மற்றவை போலவே காட்டியிருக்கிறது.

"அத யாரு போட்ட?"

"சேர் தான். புது கம்பியூட்டர் கேட்டதுக்கு, இதைப் போட்டா இந்தப் பழசே வேகமா ஓடும்னு அவரே வந்து போட்டாரு."

தனபாலனை அழைத்துக் காட்டினார்கள். அவர் அடையாளத்தைப் போட்டும் எடுத்தும் பார்த்தார். கோடு அங்கும் இங்கும் போய்வந்தது.

"கண்டுபிடிச்சது நல்லது பிள்ளை. இனி எடுத்தே விடும்."

"அப்ப தாத்தா?"

"அது முடிஞ்ச கதை. ஆளை நிப்பாட்டிப்போட்டன் எண்டு பக்டரிக்காரருக்குச் சொல்லியாச்சு. இப்ப போய் எங்கட படம் பிழை எண்டால் அடுத்த ஓடர் தருவினமோ?" பிறகு பாயிஸா பக்கம் திரும்பினார். "நீர் இண்டைக்கு இருந்து அந்த டயோட்டுகளைக் கழட்டி மாத்திப்போட்டுப் போம். போர்ட் பழுதாகாமல் கழட்ட உமக்குத்தான் கை வரும்."

பாயிஸா மேசைக்குப் போய், சோல்டரிங் அயனைப் போட்டுச் சூடாகும்வரை நின்றாள். பெட்டியிலிருந்து ஒரு போர்டை எடுத்தாள். டயோட்டைச் சுட்டுக் கழற்றி, திருப்பி வைத்து, சோல்டர் பிடித்தாள். வயரை மாட்டியதும் சோதனை விசிறி சுற்றத் தொடங்கியது. அயனை அணைத்தாள்.

"இந்தாங்க. பிழை எங்கண்டு காட்ட ஒண்டு போதும்."

"மற்றதுகள்?" என்றார் தனபாலன்.

"நாளைக்கி. நாளைக்கும் நான்தான் செய்வேன். அதுக்கு முந்தி அவங்களுக்கு கோல் எடுத்து, யாருட பிழைண்டு சொல்லுங்க. என்ட பேரச் சொல்லித் தானே பழி போட்ட, அதே வாயால சொல்லுங்க."

"சொல்லலன்னா வரையவும் வேற ஆளைப் பாருங்க சேர்," என்றாள் றேணுகா.

தனபாலன் போனைக் கையில் எடுத்தார். யாரையும் அழைக்கவில்லை. திரும்பி வந்த போர்டுகளின் பெட்டி அவர் காலடியில் திறந்து கிடந்தது. பாயிஸா பையிலிருந்து மெத்தையை எடுத்துத் தன் கதிரையில் போட்டாள். நாடாக்களைச் சட்டத்தோடு இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, அசைகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பிறகு வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.