நீலத்திரை விழுங்கிய முந்நூறு பக்கங்கள்

1

மறைப்பானேன், இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ஒரு மாதமாக என் கணினி திடீர் திடீரென்று நீலத்திரை காட்டிச் செத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய முந்நூறு பக்க நாவலும் அதோடு போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். பாவம், அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ('இயந்திர யுகத்தில் படைப்பாளியின் துயரம்' என்று ஒரு கட்டுரையும் எழுதிப் பாராட்டு வாங்கினேன்.)

2

அந்திச் சூரியனின் செங்கதிர்கள் பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடியில்...

(வேண்டாம். காலை பதினொரு மணி, டியூப்லைட் வெளிச்சம்.)

என்னிடம் சொல்லாமலேயே மனைவி கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் வரைவில் மெக்கானிக்கை முனிவர் போன்ற ஓர் இளைஞனாக எழுதியிருந்தேன். உண்மையில் அவர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தார்.

3

சிஸ்டம் என்கிற மென்பொருளின் மேல் தப்பில்லை, டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டுக்கும் நடுவே போர்டில் இருக்கும் கன்ட்ரோலர் சிப்தான் சூடானதும் மயங்கிவிடுகிறதாம். டிஸ்க்கைக் காணாமல் சிஸ்டம் தடாலென்று விழுகிறதாம்.

"டிஸ்க்கக் கழட்டி என் மிஷின்ல மாட்டினா எல்லாம் வந்துடும். கவலப்படாதீங்க சார்."

என் ஆயுளில் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

4

எல்லாம் வந்தது. 'நாவல்' என்ற பெயரில் பதினொரு கோப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம். மனைவி பதினொன்றையும் நிதானமாகப் படித்தாள். மெக்கானிக் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நீலத்திரை பார்த்தவர்.

"கன்ட்ரோலர் இப்படி ஆனா, சேவ் பண்ணது முழுசா டிஸ்க்குக்குப் போகாதும்மா. சில நேரம் மொத வரியோட நின்னுடும்," என்றார் அவளிடம்.

பதினொரு தடவையுமா என்று அவள் அவரைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியாங்க?"

5

முடிவு அ: 'ஆமாம்' என்கிறேன். அவள் இன்னும் இரண்டு நாள் சாப்பிடுவதில்லை.

முடிவு ஆ: ஒப்புக்கொள்கிறேன். வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. (மழை எதற்கு? அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்: வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாளாயிற்று. "அந்த ஏழாவது வரி நல்லாருக்கு" என்று மட்டும் நேற்றுச் சொன்னாள்.

சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிவிட்டேன். நான் எழுதி முடிக்கும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு தாளும் பத்திரிகைக்குப் போனதில்லை. ஆகவே வாசகரே, இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் அவள் படித்துவிட்டாள். படித்ததும் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் திட்டியிருந்தால் பரவாயில்லை.