குழாய்ச் சூடு

வெந்நீர் ஊற்றுக்குழியில் அவள் கையை விட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் விரல் நுனி பட்டாலே சுரீரென்று இழுத்துக்கொள்ள வேண்டும். துணியைக் கழியால்தான் அமுக்குவார்கள். இன்று முழங்கை வரை விட்டும் தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருந்தது.

"கொழந்தையைக் குளிப்பாட்டலாம் அண்ணி," என்றாள் நாத்தனார். "ஆஸ்பத்திரித் துணிக்கு ஆகாது."

மேட்டில் மின்நிலையம் வந்து, ஆழக்கிணறு இறக்கி மண்ணுக்கடியிலிருந்து ஆவியை எடுக்கத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. களிம்புப் பிசுக்கு வெந்நீருக்குத்தான் மசியும். போன தடவை கொண்டுபோன மூட்டையைத் தலைமை நர்ஸ் முகர்ந்து பார்த்துத் திருப்பிவிட்டாள். நாளைக்கும் இதே லட்சணத்தில் வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். விறகு வாங்கிக் காய்ச்சினால் கூலி அடுப்போடு போய்விடும்.

யோசனை நாத்தனாருடையது. வீட்டுக்குப் பின்னால் நிலையத்தின் ஆவிக்குழாய் போகிறது. கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். மேலே வெள்ளித் தகடு. உள்ளே ஓயாத இரைச்சல். சோப்பில் ஊறிய விரிப்பை அதன்மேல் போர்த்தினால் ஒரே வேக்காட்டில் பிசுக்கு கழன்றுவிடாதா? சுட்டுவிடும் என்று இருவரும் கையில் பழந்துணி சுற்றிக்கொண்டார்கள். மூட்டை முழுவதையும் போர்த்திவிட்டு, ஆவி பறக்கட்டும் என்று எட்டி நின்றார்கள். சொட்டுச் சொட்டாகச் சோப்புத் தண்ணீர்தான் வடிந்தது.

அவள் புருஷன் அந்த நிலையத்தில்தான் காவலாளி. குழாயோரம் சுற்றி வந்தவன் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"இதுல சூடு வராது. துளி வீணாகக் கூடாதுன்னு கம்பளி மாதிரி ஒண்ணைச் சுத்தி, மேல தகடு அடிச்சிருக்காங்க."

"ஏண்ணே, கொழாய்க்குக் குளிருதாமா?" என்றாள் நாத்தனார்.

அவன் சிரிக்கவில்லை. மேட்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தான். "சீக்கிரம் எடுங்க. மேல இருக்கறவங்க பாத்தா என்னையும் வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"உங்களையும்னா? என்னை இன்னும் யாரும் அனுப்பலையே," என்றாள் அவள்.

அவன் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்தான். ஈரத்தில் எல்லாம் பிணமாய்க் கனத்தன. கடைசி விரிப்பும் இறங்கியதும் அவள் கைத்துணியை அவிழ்த்துவிட்டு, உள்ளங்கையைத் தகட்டில் பதித்தாள். இரைச்சல் விரல்களில் அதிர்ந்தது. தகடு சில்லென்றிருந்தது.

அவள் கையை எடுத்ததும், அவன் சீருடைக் கைநுனியை இழுத்து, தகட்டில் படிந்திருந்த சோப்புக் கைத்தடத்தை அழுத்தித் துடைத்தான்.