மூன்றாவது பிலிம்

எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்த ஆளைப் பார்த்ததுமே பூமாரிக்குத் தெரிந்துவிட்டது. கண்டிராக்டர் சத்தியதாஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் விழிஞ்ஞம் துறைமுக வேலையில் அவனிடம் கல் சுமந்தபோது, ஒரு வாய் தண்ணீர் குடிக்க உட்கார்ந்ததற்காக அவளை இடது செவிட்டில் ஓங்கி அறைந்த கை, இப்போது மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. அன்றைக்குப் போன காது போனதுதான். எழுந்து நின்றால் இன்னமும் தரை சுற்றும். அப்போது இதே ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் எலும்பு சுத்தமாக இருந்தது. உள்காதில் பட்ட அடி எக்ஸ்ரேயில் விழாதாம். "படத்துல ஒண்ணுமில்ல சார், இவ நடிக்கா" என்று லேபர் ஆபீசரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான், பாவி. அந்தச் சிரிப்பைச் செத்தாலும் மறப்பாளா?

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அட்டெண்டர் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

டெக்னீஷியன் வேதமாணிக்கம் அவன் தலையைத் திருப்பி வைத்துப் படம் எடுத்தார். பிலிம் இருந்த கேசட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவுவது பூமாரியின் வேலை. சிவப்பு விளக்கில்தான் அதைத் திறக்க வேண்டும். அவள் வெள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு திறந்தாள். வெளிச்சம் பட்டு பிலிம் கரியாக வந்தது. இரண்டாவதும் அப்படியே.

"பெட்டி பழசு சாரே, உள்ள வெளிச்சம் கேறுது."

ஒவ்வொரு தடவை தலையைத் திருப்பும்போதும் அவன் "ஐயோ, தலை கறங்குதே!" என்று அலறினான். அனுபவிக்கட்டும். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"இனி ஒரு பிலிம்தான் உண்டு" என்றார் வேதமாணிக்கம். "காதுக்குள்ள உள்ள சீழ் எலும்பை அரிச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் கத்தி வைப்பாரு. இல்லேன்னா மருந்து எழுதி அனுப்பிருவாரு. அரிப்பு மூளைக்கு ஏறினா ஆளு தீர்ந்தான்."

மூன்றாவது படம் எடுத்ததும் அவன் வாந்தி எடுத்தான். பாத்திரம் பிடித்திருந்த அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான்.

"எம்மா, நான் நடிக்கல்லே. குடிச்சிட்டு ஆடுதேன்னு பெத்த மக்களே சொல்லுதானுவ. ஒருத்தனும் நம்பல்லே."

"படத்துல விழுந்தா நம்புவாவ, மொதலாளி." அவள் குனிந்தாள். "என்னைத் தெரியுதா? விழிஞ்ஞத்துல நடிச்ச பூமாரி."

அவன் பிடி தளர்ந்தது.

அவள் கேசட்டை எடுத்துக்கொண்டு போய் இருட்டறைக் கதவைத் தாழிட்டாள். சுவரைத் தடவினாள். சிவப்பு விளக்குக்கும் வெள்ளை விளக்குக்கும் பக்கத்தில் பக்கத்தில் சுவிட்ச். வெளியே அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்த வாயிலிருந்து அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. கேட்கிற காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஒரு விரலை வைத்தபடி பூமாரி இருட்டில் நின்றாள்.