தங்கச்சியைக் கூப்பிடு

அக்காவுக்குப் படம் வரைவது கைவந்த கலை; கணினி நிரல் எழுதச் சுட்டுப்போட்டாலும் வராது. தங்கைக்கு நேர்மாறு. அவள் வரைந்தால் பூனைக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே கம்பெனியில், ஒரே மேசையில் உட்கார்ந்து இருவரும் கைபேசி கேம் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். கூரைக்குக் கூரை தாவும் பூனையின் கதை.

ஒரு சுவரை விரல் அகலம் நகர்த்துவதென்றாலும் அக்கா தங்கையைத்தான் கூப்பிட வேண்டும். அவள் நிரலில் எண்ணை மாற்றி, கைபேசியில் ஏற்றிக் காட்டப் பத்து நிமிடம் ஆகும். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்டி" என்பாள் அக்கா. மறுபடி பத்து நிமிடம். இப்படியே போனால் பூனை கிழடு தட்டிவிடும் என்று, தங்கை மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கருவி செய்தாள். கைபேசித் திரையிலேயே சுவரை விரலால் இழுத்து வைக்கலாம். வைத்த கையோடு பூனையைத் தாவவிட்டுப் பார்க்கலாம். சுவரைக் கொண்டுவரும் பொத்தானுக்கு 'வாடி', எடுக்கும் பொத்தானுக்கு 'போடி' என்று பெயர் வைத்தாள். வீட்டில் இருவரும் நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொள்வது அதுதானே!

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. சொல்லிச் சொல்லிச் செய்த காலத்தில் தோன்றாத கோணல் சந்துகளும் குறுக்குத் தாவல்களும் இருபதே நாளில் வந்து குவிந்தன.

போன வாரம் புது மேலாளர் ஒருவர் வந்தார். கருவியைப் பார்த்து அசந்துபோனார். "இதைச் செஞ்சவங்க யாரோ, அடுத்த கேமுக்கு அவங்கதான் தலைமை," என்று கூட்டத்தில் சொன்னார். அடுத்த கேமைப் பற்றித் தங்கை இரண்டு வருடமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். அக்காவே எடுத்துச் சொல்லட்டும் என்று கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள் அக்கா. "எனக்குத் தேவைப்பட்டுது, நானே பண்ணிக்கிட்டேன்."

"அது என்னம்மா, வாடி, போடி?"

"சும்மா, ஒரு தமாசுக்கு வச்சேன் சார்."

அடிப்பாவி! கருவியை எடுத்துக்கொண்டது போதாதென்று அந்த இரண்டு வார்த்தையையுமா? கூடப்பிறந்தவளே கழுத்தறுப்பாள் என்று தங்கை கனவிலும் நினைத்ததில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மேலாளர் விடவில்லை. "ஒரு லெவல் செஞ்சு காட்டுங்களேன்."

அக்கா தன் கைபேசியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தாள். பதற்றத்தில் ஒரு சுவரைப் பூனையின் தலைமேலேயே கொண்டுபோய் வைத்தாள். கருவி அப்படியே நின்றது. கொட்டை எழுத்தில் ஒரு செய்திப் பெட்டி எழுந்தது.

'அக்கா, பயப்படாதே. நீ எதையும் கெடுக்கலை. தங்கச்சியைக் கூப்பிடு.'

அக்கா அந்தப் பெட்டியை மூடப் பார்த்தாள். அதில் இருந்ததே ஒரு பொத்தான்தான்: 'கூப்பிடு'. வேறு வழியில்லாமல் அதை அழுத்தினாள்.

மேசைமேல் இருந்த தங்கையின் கைபேசி அலறியது. மேலாளர் எட்டிப் பார்த்தார். கருவி செய்த நாளில் தங்கை ஆசை ஆசையாக, கிண்டலுக்கு எழுதி வைத்த வரி திரையில் மின்னியது: 'அக்கா மாட்டிக்கிட்டா!'

அக்கா முகம் வெளுத்துத் தங்கையைப் பார்த்தாள். "வாடி," என்றாள் மெல்ல.

தங்கை கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"போடி."