இலையின் வலப்பாதி

அவள் பிறவியிலேயே இடக்கைக்காரி, அவள் கணவர் வலக்கைக்காரர். சுருட்டுப் பட்டறையில் மேஸ்திரி இருவரையும் அடுத்தடுத்து உட்கார வைத்ததற்கு அதுதான் காரணம். நடு நரம்பை உரித்தால், சுருட்டின் மேல் சுற்றுகிற மேலிலை இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு பாதியை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மறுபாதியை இடப்பக்கமாக; அது அவருக்கு, இது அவளுக்கு. "ஒரே இலையில குடும்பம் நடத்துறாங்கப்பா" என்று பட்டறையே கேலி பேசும். அவளுக்கு அந்தக் கேலி உள்ளூரப் பிடிக்கும்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. இலையை இழுத்துப் பிடித்துச் சுற்றத் தெம்பில்லை. தளர்ந்த சுற்றை மறைக்க ஈரத்தை அள்ளிப் பூசினார், பசையை அப்பினார். அத்தனை ஈரம் காயும்போது இலை சும்மா இருக்குமா? சுருங்கி, பிரிந்து, தோல் உரிந்த மாதிரி தொங்கியது. கடைகளிலிருந்து திரும்பி வந்ததை மேஸ்திரி அவர் பலகையில் கொட்டினார்.

"இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நரம்பு உரிக்கிற அறைக்குத்தான் அனுப்பணும். கோவிச்சுக்காதீங்கண்ணே."

சுற்றத் தெரியாதவர்கள் உட்காரும் அறை அது. அன்று அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "அங்க போறதுக்குச் செத்துடலாம்" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

மறுநாளிலிருந்து, மதியம் அவர் பின்பக்கம் தலைசாய்க்கப் போனதும், அவர் கட்டி வைத்த சுருட்டுக் கட்டை அவள் பிரிப்பாள். தளர்ந்த சுற்றை எடுத்துவிட்டு, விரல் நுனியால் ஈரம் தொட்டு, இழுத்துச் சுற்றி, தலைப்பக்கம் துளி பசை வைத்து, ஒட்டும்வரை அழுத்திப் பிடிப்பாள். கிழிந்திருந்தால் அதே நிறத் துண்டை நரம்புக்கு நரம்பு பொருத்தி ஒட்டுவாள். அக்கம்பக்கத்துப் பலகைக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

முதலில் அவர் சுற்றிய திசையிலேயே, தன் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுற்றினாள். நாளாக ஆக, ஒட்டுப்போட்டும் தேறாதவையே அதிகமாயின. மேலிலையையே மாற்ற வேண்டியிருந்தது. அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. தன் பாதியை எடுத்துத் தன் பக்கமாகவே சுற்றினாள். மிஞ்சிய அவர் பாதிகளைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தாள்.

சுருட்டு திரும்பி வருவது நின்றது. அவர் முகத்தில் களை வந்தது. "பார்த்தியா? கை வந்துடுச்சு!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விரல்களை நீட்டிக் காட்டினார். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. "ஆமாங்க" என்றாள். பாவி, வேறென்ன சொல்வாள்?

ஒருநாள் மேஸ்திரி வந்து, "பழைய ஆளா ஆயிட்டீங்களேண்ணே!" என்று தோளைத் தட்டினார். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் சுருட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். "எங்கயாவது பிரியுதான்னு பாருங்க" என்று மேலிலை விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். விரல் நடுவிலேயே நின்றது.

இன்னொன்றை உருவித் தடவினார். பிறகு இன்னொன்று.

"இது உன்னோடது" என்றார் அவளிடம். "இதுவும் உன்னோடதுதான்."

கட்டின் அடியில் ஒன்றே ஒன்று வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அதை எடுத்ததும் மேலிலை கழன்று அவர் மடியில் விழுந்தது.

"என் பாதியெல்லாம் எங்கடி?"

அவள் கண் சாப்பாட்டுப் பையின் பக்கம் போனது. அவர் பையை இழுத்துத் திறந்தார். உள்ளே எல்லாம் காய்ந்து நொறுங்கிக் கிடந்தன.

"கை வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றார். குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பட்டறையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இலை வெட்டும் கத்தியைத் துடைத்துப் பலகையில் வைத்துவிட்டு, மேஸ்திரி தடுத்தும் கேட்காமல், நரம்பு உரிக்கிற அறைக்குத் தானே நடந்து போனார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அந்த அறையிலிருந்து அவள் பலகைக்கு இலைகள் வந்தன. பாதிக்குமேல் நரம்போரம் கிழிந்திருந்தன. யார் உரித்தது என்று கேட்கவே வேண்டாம். மேஸ்திரி வருவதற்குள் அவற்றை அள்ளிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தாள்.